அத்தையின் நோட்டுக்கு ஒரு ஏபிஐ

2022 மாட்டுப் பொங்கலன்று காலையில் மாமாவின் போன் அடித்தது. ஆத்தங்குடியில் அவர் பூக்கல் பட்டறை, அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமென்டுக் கல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அழைத்தவர் கோயம்புத்தூரில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர். எங்கள் இணையதளத்தில் ஒரு கல்லைப் பார்த்து, அது 10 அங்குலம் என்று நம்பிக் கூடம் முழுக்கக் கணக்குப் போட்டு வைத்துவிட்டார். ராத்திரி வாட்சப்பில் மாமா அனுப்பிய விலைப்பட்டியலில் அதே கல் 8 அங்குலம் என்று இருந்திருக்கிறது. "எதுங்க சரி?" என்று கேட்டார். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை உள்ளே போய் நீல அட்டை போட்ட நோட்டை எடுத்துவந்து, நாலு பக்கம் புரட்டிவிட்டு, "எட்டுதான். அந்த அச்சு பத்துல நம்மகிட்ட கிடையவே கிடையாது" என்றார்.

8 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 225 வேண்டும். 10 அங்குலம் என்றால் 144 போதும். அவர் போட்ட கணக்கில் நூறு அடிக்கு 81 கல் குறைந்திருக்கும். நல்ல வேளையாக ஆர்டர் கொடுக்கும் முன்பே தெரிந்தது.

அந்தத் தளத்தைச் செய்து கொடுத்தவன் நான். சென்னையில் இதே வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், சொந்த மாமாவுக்குச் செய்ததில் இப்படி ஒரு தப்பு. அன்று மத்தியானம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு கல்லின் விவரம் ஐந்து இடத்தில் இருந்தது. இணையதளத்தில் ஒன்று. வாட்சப் கேட்டலாக்கில் ஒன்று. காரைக்குடியில் டிடிபி கடையில் அடித்து வாங்கிய பட்டியலில் ஒன்று. பட்டறை வாசலில் மாதிரிக் கல்லுக்குக் கீழே ஒட்டிய சீட்டில் ஒன்று. ஐந்தாவது அத்தையின் நோட்டு. நோட்டு மட்டும்தான் எப்போதும் சரியாக இருந்தது. ஏனென்றால் அத்தை அதைப் பார்த்துத்தான் வேலையாட்களுக்குக் கல் பிரித்துக் கொடுப்பார். தப்பாக எழுதினால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும்.

அந்த நோட்டை மற்ற நாலு இடமும் பார்த்துப் படிக்கும்படி செய்ய முடியுமா என்பதுதான் எனக்குள் எழுந்த கேள்வி. அதற்காக அடுத்த சில மாதங்கள் செய்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஹெட்லெஸ் சிஎம்எஸ் என்று எங்கள் தொழிலில் இதைச் சொல்வோம். சிஎம்எஸ் என்பது தளத்தின் விவரங்களைப் பதிந்து பராமரிக்கும் மென்பொருள். இதைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பழைய தளம் வேர்ட்பிரஸில் இருந்தது. அதன் மேல் குறை சொல்ல மாட்டேன். 2003-இல் வந்த மென்பொருள், இன்றைக்கும் எத்தனையோ சின்னக் கடைகளுக்கு அதுதான் சோறு போடுகிறது. தப்பு நான் அதைப் பயன்படுத்திய விதத்தில். இழுத்து வைத்துப் பக்கம் கட்டும் ஒரு செருகுநிரலை (பிளகின்) வாங்கிப் போட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கமாகக் கட்டினேன். தலைப்பு ஒரு பெட்டி, படம் ஒரு பெட்டி, அளவும் விலையும் சேர்ந்து ஒரு பத்தி. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அளவு என்பது அங்கே தனியாக ஒரு விவரமாக இல்லை. "இந்தக் கல் 10 அங்குல அளவில் கிடைக்கும்" என்ற வாக்கியத்துக்குள் ஒரு சொல்லாகப் புதைந்து கிடந்தது. முந்தைய பக்கத்தை நகலெடுத்து அடுத்த கல்லுக்கு மாற்றியபோது அந்த ஒரு சொல்லை மாற்ற மறந்திருக்கிறேன். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் உடல் முழுவதையும் தரவுத்தளத்தில் ஒரே கட்டத்துக்குள் வைக்கும். செருகுநிரலை நிறுத்திப் பார்த்தேன். சதுர அடைப்புக்குறிகளும், வண்ண எண்களும், இடைவெளி அளவுகளும் கலந்து ஒரே குழம்பாக வந்தது. அதற்குள் அறுபது சொச்சம் கல்லின் விவரமும் மாட்டிக்கொண்டிருந்தது.

ஹெட்லெஸ் என்பதை அத்தையிடம் எப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "தலை இல்லாத மாதிரி, அத்தை" என்று ஆரம்பித்தேன். "நாளும் கிழமையுமா அந்த மாதிரிப் பேரெல்லாம் வீட்டுக்குள்ள சொல்லாதப்பா" என்று எழுந்து போய்விட்டார். அவர் சொன்னது நியாயம். அதற்குப் பிறகு நான் 'முகப்பு' என்ற சொல்லை வைத்துத்தான் பேசினேன். எங்கள் பக்கத்தில் யாருக்கும் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு என்றால் வந்தவர் உட்கார்கிற இடம், தூணும் திண்ணையுமாகத் தெருவைப் பார்த்து நிற்கும். அதைத் தாண்டினால் வளவு, வீட்டின் உள்முற்றம். வளவைச் சுற்றித்தான் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும், அறை, பெட்டகம், பண்டபாத்திரம் எல்லாம். பொருள் இருப்பது வளவில், பார்வைக்கு முகப்பு.

வழக்கமான சிஎம்எஸில் முகப்பும் வளவும் ஒரே கட்டடம். விவரத்தை எடுப்பதும் அதற்கு அலங்காரம் செய்து பக்கமாக அனுப்புவதும் ஒரே நிரல்தான். ஹெட்லெஸ் முறையில் சிஎம்எஸ் வளவோடு நின்றுவிடும். விவரத்தைப் பதிந்து, சேர்த்து வைத்து, யார் கேட்டாலும் ஏபிஐ வழியாக, அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கேட்டு வாங்கும் வாசல் வழியாகக் கொடுக்கும். கொடுப்பது பெரும்பாலும் ஜேசன் வடிவில் இருக்கும்: எண் 31, அச்சு தாமரை, அளவு 8, நிறங்கள் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. எழுத்துரு இல்லை, பின்னணி நிறம் இல்லை, படம் இடதா வலதா என்ற பேச்சும் இல்லை. வாங்கிக்கொண்டவர் அதை வைத்து இணையதளம் செய்யலாம், செயலி செய்யலாம், அச்சுக்கு அனுப்பலாம். முகப்பு எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

கருவிக்குப் பஞ்சமில்லை. பெர்லினில் 2013-இல் தொடங்கிய கன்டென்ட்ஃபுல் இருக்கிறது, அவர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். சானிட்டி இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் தரவுத்தளத்தின் மேல் உட்காரக்கூடிய டைரக்டஸ் இருக்கிறது. வேர்ட்பிரஸையே இப்படிப் பயன்படுத்தலாம், 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து பதிவுகளைக் கொடுக்கும் ஏபிஐ அதற்குள்ளேயே உண்டு. நான் ஸ்ட்ராப்பியை எடுத்துக்கொண்டேன். திறமூல மென்பொருள், நோட்.ஜேஎஸ் மேல் ஓடுவது, என் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம், அப்போதுதான் நான்காம் பதிப்பு வந்திருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கருவியைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் பாதியை அடுத்து நான் சொல்லப்போகும் வேலைக்குக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

அது என்ன வேலை என்றால், கட்டம் போடுவது. எந்தெந்த விவரத்துக்கு எந்தெந்தப் பெயரில் கட்டம், எது எதோடு சேரும் என்று முடிவு செய்வது. கன்டென்ட் மாடலிங் என்பார்கள். நான் முதலில் சென்னையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் போட்டேன். 'பொருள்' என்று ஒரு வகை. பெயர், விளக்கம், விலை, படம், பிரிவு. உலகத்தில் எந்தக் கடைக்கும் இதையே போடுவார்கள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அத்தையிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதுல விலைன்னு போட்டிருக்கியே, எதுக்கு விலை? கல்லுக்கா, அடிக்கா?"

பூக்கல் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். ஆனால் தரையைச் சுற்றிக் கரை கட்டுகிற கல்லுக்கு ஓட்டடிக் கணக்கு, அதாவது நீளத்தை மட்டும் அளக்கிற கணக்கு. நாலு மூலைக்கும் போடுகிற கல் எண்ணிக்கைக் கணக்கு. ஆக விலை என்ற ஒரு கட்டம் போதாது, எதன் பேரில் விலை என்று இன்னொரு கட்டம் வேண்டும். அடுத்து, சதுர அடிக்கு எத்தனை கல் என்பதற்கு நான் ஒரு கட்டம் போட்டிருந்தேன். "அதை எதுக்கு எழுதணும், அளவு தெரிஞ்சா அது தன்னால வந்துருமே" என்றார். 12 அங்குலத்துக்கு 1, பத்துக்கு 1.44, எட்டுக்கு 2.25. கணக்குப் போட்டு வரக்கூடியதை எழுதி வைத்தால் என்றைக்காவது ஒருநாள் அது அளவோடு சண்டை போடும். தரவுத்தளப் பாடத்தில் நான் படித்த விதி இது. அத்தை எந்தக் கல்லூரிக்கும் போனவரில்லை. நோட்டில் இடம் கம்மி என்பதால் தேவையில்லாததை எழுதாமல் எழுதாமல் அவருக்கு இது கைவந்திருக்கிறது.

பெரிய திருத்தம் மூன்றாவதாக வந்தது. என் கணக்கில் அறுபது சொச்சம் கல் இருந்தது. அத்தையின் நோட்டில் அப்படி இல்லை. பதினெட்டு அச்சு இருந்தது. ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்குள் அந்த அச்சில் இதுவரை போட்ட வண்ணச் சேர்க்கைகள். அச்சு என்பது இரும்புத் தகட்டில் செய்த சட்டம், பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கும். அது ஒன்றுதான் நிலையானது. நிறத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் கேட்பதும் அப்படித்தான், "அதே பூவை, பச்சை இல்லாம." நான் கல்லை அடிப்படையாக வைத்தேன். தொழிலுக்கு அடிப்படை அச்சு. அளவு அச்சோடு போகும் விவரம், நிறம் சேர்க்கையோடு போகும் விவரம். இப்படிப் பிரித்துவிட்டால் கோயம்புத்தூர்க்காரருக்கு நடந்தது நடக்கவே வழியில்லை. தாமரை அச்சுக்கு 8 என்று ஒரு தடவை எழுதினால் அதன் கீழே வரும் ஐந்து வண்ணத்துக்கும் 8தான்.

மூன்று நாள் நோட்டோடு உட்கார்ந்தோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அத்தை சொல்லுகிற பேரையே வைத்தேன். 'பார்டர் டைல்' என்று நான் எழுதியிருந்ததைக் 'கரைக்கல்' என்று மாற்றினேன். ஸ்ட்ராப்பியில் கட்டத்தின் உள்பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தாலும், பதிகிறவர் கண்ணுக்குத் தெரியும் பெயரைத் தமிழில் வைக்க முடியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே சின்னதாக ஒரு வரி குறிப்பும் எழுதலாம். அந்த ஒரு வரிக்கு நான் செலவழித்த நேரத்தை வேறு எதற்கும் செலவழித்ததில்லை. "அடிக் கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா என்று பார்த்துப் போடவும்" என்று அங்கே இருந்தால், சென்னையில் இருக்கும் எனக்கு ஒரு போன் மிச்சம்.

நோட்டில் இன்னொன்று இருந்தது, நான் எதிர்பார்க்காதது. பல அச்சுகளுக்கு நேரே ஒரு ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று. பழைய வீட்டுத் தரையில் நாலு கல் உடைந்துபோனால் அதில் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு இங்கே வருவார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கப்பலில் வந்த காலத்தில், இங்கே உள்ளூர் மணலை வைத்துப் போட்ட கல் அது. அந்தத் துண்டைப் பார்த்து அச்சு வெட்டிப் புதுக்கல் போட்டுக் கொடுப்பார் மாமா. அப்படி வந்த அச்சுதான் அந்தப் பதினெட்டில் பாதிக்கு மேல். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதில் தூணையும் கதவையும் பற்றி எல்லோரும் எழுதினார்கள். எந்த ஊர் வீட்டில் எந்தப் பூ தரையில் இருந்தது என்று எழுதி வைத்தவர் எனக்குத் தெரிந்து எங்கள் அத்தை ஒருவர்தான். 'எந்த ஊர்த் தரை' என்று ஒரு கட்டம் போட்டேன். தளத்தில் இன்று ஆட்கள் அதிகம் நின்று பார்க்கிற பக்கம் அதிலிருந்து வருவதுதான்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு பெரிய பிழையைச் சொல்லியாக வேண்டும், இதே வழியில் போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். அந்த ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் பெயரும் போன் நம்பரும் நோட்டில் இருந்தன. அதற்கும் கட்டம் போட்டேன், அத்தைக்குத் தேவைப்படும் என்று. இணையதளத்தில் அதைக் காட்டவில்லை. காட்டவில்லை என்பதால் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஸ்ட்ராப்பியில் புதிதாக ஒரு வகையைச் செய்தால் அது முதலில் பூட்டியே இருக்கும், வெளியிலிருந்து கேட்டால் 403, அதாவது அனுமதி இல்லை, என்று திருப்பி அனுப்பும். பொதுமக்கள் என்ற பயனர் பிரிவுக்குப் போய் நாம் அனுமதி கொடுத்தால்தான் திறக்கும். நான் திறந்தேன். திறந்தபோது அந்த வகையின் எல்லாக் கட்டமும் சேர்ந்து திறந்தன. ஏபிஐ முகவரியை நேரே உலாவியில் அடித்தவர் எவருக்கும் பெயரும் நம்பரும் தெரிந்திருக்கும். ஒன்பது நாள் அப்படி இருந்தது. வேறு எதையோ சோதிக்கப் போனபோது கண்ணில் பட்டு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அன்றைக்கே வீட்டுக்காரர் விவரத்தைத் தனி வகையாகப் பிரித்து, அதை வெளியே திறக்காமல் வைத்தேன். அந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் மாமாவே போன் போட்டு நடந்ததைச் சொன்னார். முகப்பைப் பிரித்துவிட்டால், முகப்பில் மறைப்பதெல்லாம் மறைப்பாகாது. வளவுக் கதவு நேரே தெருவில் திறக்கிறது. பூட்டும் அங்கேதான் போட வேண்டும்.

தமிழ் எழுத்து கொடுத்த வேலையும் கொஞ்சநஞ்சமில்லை. டிடிபி கடையிலிருந்து பழைய பட்டியலின் கோப்பை வாங்கி வந்தேன், விளக்கங்களை அப்படியே ஒட்டிவிடலாம் என்று. அது பாமினி எழுத்துருவில் இருந்தது. திரையில் 'அம்மா' என்று தெரிவது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கில எழுத்தாகக் கிடக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழே இல்லை. இதுவும் அந்தப் பக்கம் கட்டும் செருகுநிரலும் ஒரே ஜாதி நோய் என்று அன்றுதான் உறைத்தது. இரண்டிலும் தோற்றத்தைக் கழற்றினால் உள்ளே சரக்கு இல்லை. மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்து, அத்தை வரிக்கு வரி படித்துத் திருத்தினார்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்றும் பார்த்தேன். 'ஆத்தங்குடி' என்பது யூனிகோடில் பத்துக் குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். அதை வாட்சப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்தால், ஒரு ஊர்ப் பெயருக்கு 90 எழுத்து நீளம். பார்ப்பவர் இது ஏதோ மோசடி இணைப்பு என்று தொடாமல் விட்டுவிடுவார். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்தேன், மனசில்லாமல்.

இப்போது இந்த முறையின் உண்மையான குறைக்கு வருகிறேன். விவரத்தைப் பதிகிறவருக்குத் தான் பதிந்தது எப்படித் தெரியும் என்பது தெரியாது. வேர்ட்பிரஸில் 'முன்னோட்டம்' என்று அழுத்தினால் பக்கமே வந்து நிற்கும். இங்கே வெறும் கட்டங்கள். அத்தை முதல் நாள் ஒரு படத்தை ஏற்றிவிட்டுப் போனில் தளத்தைத் திறந்து பார்த்தார், இல்லை. மறுபடி ஏற்றினார், இல்லை. நாலு தடவை ஏற்றிவிட்டு எனக்குப் போன் செய்தார். "நான் போட்டது எங்கப்பா போச்சு?" எங்கேயும் போகவில்லை. முன்பக்கத்தை நான் நிலையான பக்கங்களாகக் கட்டி வைத்திருந்தேன். சிஎம்எஸில் ஏதாவது மாறினால் அது வெப்ஹுக் என்ற தானியங்கித் தகவல் வழியாகச் சொல்லும், தளம் முழுக்க மறுபடி கட்டப்படும், அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அத்தை நாலு தடவை மாற்றியதால் நாலு தடவை கட்டிக்கொண்டிருந்தது.

அன்று அவருக்கு விளக்கிச் சொல்ல முடியாமல் நின்றபோது பட்டறைக்குள் ஒருவர் கல் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்துக் கீழே வைப்பார். அதன் மேல் சதுரச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. வண்ணம் கலந்த சிமென்டுக் கூழை ஒவ்வொரு அறைக்குள்ளும் சின்னக் கரண்டியால் ஊற்றுவார், மஞ்சள் முதலில், அப்புறம் சிவப்பு. அச்சை மெல்ல மேலே தூக்கினால் நிறமெல்லாம் தன் தன் இடத்தில் நிற்கும். உடனே காய்ந்த மணலும் சிமென்டும் கலந்த பொடியைத் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, மேலே கலவை போட்டுக் கரணையால் இழுத்துவிடுவார். அவ்வளவுதான். அவர் கண்ணுக்குத் தெரிவது கல்லின் முதுகு. முகம் கண்ணாடியை ஒட்டிக் கீழே இருக்கிறது. சூளை கிடையாது, மெருகு போடுவதும் கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி, காய்ந்து, கண்ணாடி பிரியும்போதுதான் பூ வெளியே வரும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

அத்தையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு முப்பது வருசமாச்சுப்பா, கண்ணாடிக்குக் கீழ என்ன நடக்குதுன்னு கைக்குத் தெரியும். எனக்கு ஒரு மாசம்கூட ஆகலையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே முன்னோட்டத்துக்கென்று தனியாக ஒரு முகப்பு கட்ட ஆரம்பித்தேன். வரைவு நிலையில் இருக்கும் விவரத்தை அது அந்த நிமிடமே எடுத்துக் காட்டும், கடவுச்சொல் போட்டால்தான் திறக்கும். பதிவுத் திரையில் 'பார்' என்று ஒரு பொத்தான். இதைச் செய்ய எனக்கு நாலு நாள் ஆனது, தளம் கட்டியதில் கால்வாசி நேரம். ஹெட்லெஸ் முறைக்குச் செலவு மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள். பதிகிறவர் நிரலாளராக இல்லாவிட்டால் முன்னோட்டம் இல்லாமல் தளத்தை ஒப்படைக்கவே கூடாது என்பது என் கட்சி.

வேறு செலவும் உண்டு. சர்வருக்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும். தரவுத்தளத்தைத் தினம் நகலெடுக்க வேண்டும், படங்களைத் தனியாக நகலெடுக்க வேண்டும். 2024 செப்டம்பரில் ஸ்ட்ராப்பியின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது ஏபிஐ கொடுக்கும் பதிலின் அமைப்பு மாறியது. முன்னால் இரண்டு அடுக்குக்குள் இருந்த விவரம் ஒரே அடுக்குக்கு வந்தது. நல்ல மாற்றம்தான், ஆனால் அதைப் படிக்கும் இடத்தையெல்லாம் திருத்த வேண்டியிருந்தது. இதையெல்லாம் பார்க்க ஓர் ஆள் இல்லாத இடத்தில் இந்த முறை நிற்காது. காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கும் நண்பன் ஒருவன் தனக்கும் இதே மாதிரி வேண்டும் என்று கேட்டான். கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூரிலிருந்து விசாரிப்பு வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனிடம் இருப்பது ஒரே ஒரு தளம், மாதத்துக்கு முப்பது சேலை, பதிகிறவனும் அவனே. சாதாரண வேர்ட்பிரஸில் கட்டங்களை ஒழுங்காகப் பிரித்து வைத்தால் அவனுக்கு ஆயுசுக்கும் போதும். கட்டம் பிரிக்கத்தான் உட்கார்ந்து உதவினேன்.

மாமாவுக்கு ஏன் சரி என்றால், அவருக்கு முகப்பு ஒன்றில்லை. இணையதளம் ஒன்று, தமிழிலும் ஆங்கிலத்திலும். பட்டறையில் ஒரு டேப்லெட், வந்தவர் கூடத்தின் நீள அகலத்தைச் சொன்னால் நடுக்கல், கரைக்கல், மூலைக்கல் எத்தனை என்று தனித்தனியாகக் காட்டும், நூறுக்கு ஐந்து கல் உடைசலுக்குச் சேர்த்து. அச்சுப் பட்டியலும் அதே விவரத்திலிருந்து பக்கம் பக்கமாக வருகிறது, டிடிபி கடைக்கு வேலையில்லை. வாசலில் மாதிரிக் கல்லுக்குக் கீழே க்யூஆர் சீட்டு. வாட்சப் கேட்டலாக் மட்டும் இன்னும் கையால்தான், அதையும் ஏபிஐ பார்த்து அத்தை மாற்றுகிறார். முன்பு ஐந்து இடத்தில் மாற்றியதை இப்போது இரண்டு இடத்தில் மாற்றுகிறோம்.

இந்த முறை எனக்கு நிஜமாகக் கை கொடுத்தது 2024-இல். முதலில் இணையதளத்தின் முன்பக்கத்தைக் கேட்ஸ்பி என்ற தளம் கட்டும் கருவியில் கட்டியிருந்தேன். 2023 பிப்ரவரியில் நெட்லிஃபை என்ற நிறுவனம் கேட்ஸ்பியை வாங்கியது, அதற்குப் பிறகு புது வெளியீடுகள் குறைந்துபோயின. ஒரு வருடம் பார்த்துவிட்டு முன்பக்கத்தை முழுக்க இடித்து ஆஸ்ட்ரோ என்ற வேறு கருவியில் கட்டினேன். பழைய காலமாக இருந்தால் அறுபது பக்கத்தையும் மறுபடி அடித்திருக்க வேண்டும். இந்த முறை ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. பதிவுத் திரையில் அத்தை வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தார், நான் முகப்பை மாற்றியதே அவருக்குத் தெரியாது. வாரம் கழித்து, "எழுத்து கொஞ்சம் பெருசாயிருக்கு, நல்லாயிருக்கு" என்றார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது கண்டனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு துண்டுக் கல்லை எடுத்து மேசை மேல் வைத்தார். பச்சையும் காவியும், ஓரத்தில் ஒரு கொடி. "எங்க ஐயா காலத்துத் தரைப்பா, வளவுல ஒம்பது கல்லு போயிருச்சு" என்றார். அத்தை போனை எடுத்து, நிறம் பச்சை, காவி, இடம் கரை என்று தேடினார். இரண்டு அச்சு வந்தது. இரண்டாவதைப் பெரிதாக்கித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, கொடியின் வளைவை விரலால் தொடர்ந்து பார்த்தார். "இல்லை ஆச்சி, இதுல இலை மூணு, உங்களுதுல நாலு. புது அச்சுத்தான் வெட்டணும்."

ஆச்சி போன பிறகு புதுப் பதிவு ஒன்றைத் திறந்தார். அச்சு எண் 23. எந்த ஊர்த் தரை என்ற கட்டத்தில் கண்டனூர் என்று அடித்தார். பிறகு நீல அட்டை நோட்டை எடுத்து, புதுப் பக்கத்தில் துண்டின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, மேலே வலது மூலையில் 23 என்று எழுதினார். "இலை எத்தனைன்னு ஒரு கட்டம் வேணும்ப்பா" என்றார் என்னைப் பார்த்து. மடிக்கணினி வண்டியில் இருந்தது, எடுக்கப் போனேன்.